கதிரை ஆருடைய பாஷை

நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போன முதல் நாள், இரண்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, பிள்ளைகள் வரிசையாக இருக்கிற வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். கிண்ணியாவிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்குக் குடிவந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. ஏன் நிற்கிறாய் என்று கேட்டேன்.

"ஆணம் எண்டு செல்லிட்டன் டீச்சர்."

கறி என்று சொல்லியிருக்க வேண்டுமாம். "சொல்லிட்டன்" என்பதற்குப் பதிலாக அவள் "செல்லிட்டன்" என்றதும் அந்த வகுப்பில் குற்றம்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கரும்பலகைக்கு மேலே ஒரு காட்போட் மட்டை தொங்கியது. அதில் அழகான குண்டெழுத்தில், "வகுப்பறையில் தூய தமிழ் மட்டுமே பேச வேண்டும்" என்று எழுதியிருந்தது. 

"இறங்கு" என்றேன். இறங்கவில்லை. பெரிய சேர் ஏற்றிவிட்டவர், பெரிய சேர்தான் இறக்க வேண்டும் என்றாள். தலைமை ஆசிரியரைத்தான் பிள்ளைகள் அப்படிச் சொல்வார்கள். நான் அவளுடைய இரண்டு கையையும் பிடித்து இறக்கி, இருக்கவைத்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் செய்த முதல் வேலை அது. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

சிங்களம் மட்டும்தான் அரச பாஷை என்று சட்டம் வந்து சில வருசம் ஆகியிருந்தது. இங்கிலீசுக்காரர் துறைமுகத்தை விட்டுப் போய்விட்டார்கள். அவர்களுடைய கப்பல் பழுதுபார்க்கிற டொக்யார்டில் வேலை செய்த தகப்பன்மார் பலர் வேறு வேலை தேடித் திரிந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடம் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தது. நீளமான ஓட்டுக் கட்டடம், அரைச்சுவர், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் மறைப்பு ஒன்றும் கிடையாது. மூன்றாம் வகுப்பில் வாய்பாடு சொன்னால் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து சொல்லும். சோனக முஸ்லிம்களின் பிள்ளைகள், கூலிவேலைக்காரரின் பிள்ளைகள், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். கடல் அடங்கும் காலத்தில் நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து கரையில் வாடிக் குடிசை போடுகிறவர்களின் பிள்ளைகளும் ஒரு தவணைக்கு வந்து இருப்பார்கள். வீட்டில் சிங்களமும் தமிழும் கலந்து கதைக்கிற பிள்ளைகள் அவர்கள்.

நான் சாம்பல்தீவுக்காரி. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் கதைக்கிறதைக் கேட்டு, "இது கடற்கரைத் தமிழ்" என்று சிரித்தவர்கள் உண்டு. முதல் வருசம் முழுக்க நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. தெரியாமலில்லை. திறந்தால் சிரிப்பார்கள் என்று. ஆகவே வாய் திறக்காத பிள்ளை என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அப்படி ஒருத்தி அந்த வகுப்பில் இருந்தாள். கடைசி வாங்கின் ஓரத்தில், செம்பட்டை மயிரும் வெளுத்துப்போன பூச்சட்டையுமாக ஒரு பறங்கிப் பிள்ளை. தகப்பன் டொக்யார்டில் கொல்லு வேலை செய்தவர், இப்போது வீட்டோடு பட்டறை போட்டு வள்ளங்களுக்கு இரும்புச் சாமான் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை இரண்டாம் வகுப்பில் இருந்தது இரண்டாவது வருசம். அவளை ஒருநாளும் வாங்கில் ஏற்றவில்லை. பிழையாகக் கதைத்தால்தானே ஏற்றுவார்கள்? அவள் கதைக்கவே மாட்டாள்.

"அது மந்தம்," என்றார் தலைமை ஆசிரியர். "சும்மா இருக்கட்டும் விடும். மற்றப் பிள்ளையளைப் பாரும்."

அவர் கெட்ட மனிதரில்லை. எல்லோருக்கும் முன்னம் வந்து யன்னல்களைத் தானே திறப்பார். வெள்ளை வேட்டி, வெள்ளை நாஷனல் சட்டை, ஒரு கறை இருக்காது. தமிழ் என்றால் உயிர். செய்யுள் சொல்லத் தொடங்கினால் குரல் தழுதழுக்கும். அந்தச் சட்டம் வந்ததிலிருந்து அவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். அந்த மட்டையை எழுதித் தொங்கவிட்டதும் அந்தச் சூட்டில்தான்.

ஒருநாள் இடைவேளை நேரம் தண்ணீர்ப் பைப்படியில் யாரோ யாரையோ கிழித்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. எட்டிப் பார்த்தால், என்னுடைய மந்தப் பிள்ளை. முதலாம் வகுப்பில் இருந்த தம்பி சட்டையை நனைத்துவிட்டானென்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் ஏசிக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ பதில் சொல்ல, அதற்கும் ஒரு பதில். என்னைக் கண்டதும் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. முகத்தில் பயம். அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளை தன் தம்பியோடு தன் வீட்டுப் பாஷையில் கதைத்ததற்கு எதற்குப் பயப்பட வேண்டும்?

தாயை வரச்சொல்லி விட்டேன். அடுத்தநாள் காலையில் வந்தா. மெல்லிய மனுசி. மடியில் கையை வைத்துக்கொண்டு குற்றவாளிபோல இருந்தா.

"வீட்டில நாங்க பறங்கிப் பாஷைதான், டீச்சர். பிள்ளை படிக்கோணுமெண்டா வீட்டிலயும் தமிழ்தான் கதைக்கோணும் எண்டு சேர் சொன்னவர். அதுக்குப் பிறகு நாங்க அதை விட்டுட்டம். என்னட்ட இருக்கிற தமிழ் கடைக்குப் போய் வர மட்டும் காணும், டீச்சர். பிள்ளைக்குக் கதை சொல்லக் காணாது. இப்ப வீட்டில ஆரும் பெரிசாக் கதைக்கிறேல்ல."

ஒரு வீட்டைப் பள்ளிக்கூடம் ஊமையாக்கியிருந்தது.

"இண்டைக்குப் போய் உங்கட பாஷையிலயே கதையுங்கோ," என்றேன். "கதை சொல்லுறதெண்டாலும் அதில சொல்லுங்கோ. ஏசுறதெண்டாலும் அதில ஏசுங்கோ. தமிழை நான் பாத்துக்கொள்ளுறன்."

"சேர் ஏசமாட்டாரோ?"

"ஏசினால் என்னை ஏசட்டும்."

அந்த மனுசி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தா.

பிறகு நான் வகுப்பை என்பாட்டுக்கு மாற்றினேன். பறங்கிப் பிள்ளையைக் கடைசி வாங்கிலிருந்து எழுப்பி, கிண்ணியாப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தினேன். கிண்ணியாக்காரிக்கு வாய் ஓயாது. எதையும் தொட்டுக் காட்டி, இழுத்துக் காட்டிக் கதைப்பாள். கேட்டுக்கொண்டிருக்க அதைவிட நல்ல ஆள் கிடையாது. பறங்கிப் பிள்ளையிடம், "நீ சொல்ல வேண்டாம், கையால் காட்டு, காணும்" என்றேன். மரம் எங்கே என்றால் மரத்தைக் காட்டுவாள். பெரியது எது என்றால் பெரியதைக் காட்டுவாள். ஒரு கிழமைக்குள் எனக்கு விளங்கிவிட்டது, அவளுக்கு விளங்காதது என்று அந்த வகுப்பில் அதிகம் இல்லை. கேள்வி கேட்டுவிட்டு உடனே பதில் பிடுங்குகிற பழக்கத்தையும் விட்டேன். கேட்பேன், யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பேன். முதலில் அந்த அமைதி எனக்கே தாங்கவில்லை. நிற்க நிற்கப் பழகிவிட்டது.

காலையில் முதல் வேலையாக ஒரு சாமானைத் தொடுவேன். அதற்கு வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்பேன். ஒருநாள் நான் இருக்கிற கதிரையைத் தொட்டேன். வகுப்பே "கதிரை" என்றது. அந்தச் சத்தம் அடங்கினபிறகு, மெல்ல, "கதேரா" என்று ஒரு குரல். நான் திரும்பிப் பார்த்தேன். அவள்தான். 

நான் மேசையைத் தொட்டேன். "மேசா." யன்னலைத் தொட்டேன். "ஜனேலா." கண் அகன்றுவிட்டது அவளுக்கு. எழும்பி நின்று, தான் இருந்த வாங்கைத் தட்டினாள். அலுமாரியைக் காட்டினாள். என் காலில் கிடந்த சப்பாத்தைக் காட்டினாள். அவள் வீட்டுச் சாமான்கள் எல்லாம் எங்கள் வகுப்பில் கிடந்தன. யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் பயந்து பயந்து வந்த பிள்ளை, அது தன் வீட்டுத் தளபாடம் என்று கண்டுபிடித்ததுபோல இருந்தது.

"எண்ட அல்லாஹ்! இவளுக்கு எல்லாம் தெரியும் டீச்சர்!" என்று கிண்ணியாக்காரி கத்தினாள்.

அதன்பிறகு நான் கரும்பலகையில் இரண்டு வரி எழுதத் தொடங்கினேன். பிள்ளை தன் வீட்டில் எப்படிச் சொல்லுமோ அதை அப்படியே மேல் வரியில் எழுதுவேன். புத்தகம் எப்படிச் சொல்கிறதோ அது கீழ் வரி. "உம்மா மீனாணம் ஆக்கினா" மேலே, "தாய் மீன் கறி சமைத்தாள்" கீழே. மேல் வரியைக் கண்டு எவரும் சிரிக்கக் கூடாது, கீழ் வரியைக் கண்டு எவரும் பயப்படக் கூடாது. எழுத எழுத எனக்கு ஒன்று தெளிவானது. கீழ் வரியைப் பேசுகிற வீடு அந்த வகுப்பில் ஒன்றுகூட இல்லை. சாம்பல்தீவில் என் வீட்டிலும் இல்லை. தலைமை ஆசிரியர் வீட்டு அடுப்படிக் குசினியில் இருந்திருக்குமோ என்னவோ, நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் புத்தகத் தமிழ் எல்லாப் பிள்ளைகளுக்கும் புதிய பாஷைதான். சில பிள்ளைகளுக்கு அதன் வாசல் படலை கிட்ட, சில பிள்ளைகளுக்குத் தூர. வேறு வித்தியாசம் கிடையாது.

காட்போட் மட்டையைக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக நல்ல வெள்ளையாக இருந்தது. அதில் பிள்ளைகள் கொண்டுவந்த சொற்களை எழுதி, அதே ஆணியில் தொங்கவிட்டேன்.

அன்று பின்னேரமே தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எங்கட பாஷைக்கே இந்த நாட்டில இடமில்லை எண்டு சனம் கொதிக்குது," என்றார். "நீர் பறங்கிப் பாஷைக்கு வகுப்பில இடம் குடுக்கிறீர்."

"எங்களுக்கு அவங்கள் செய்ததை, நாங்கள் ஒரு சின்னப் பிள்ளைக்குச் செய்ய ஏலாது, சேர்."

அவர் முகம் சிவந்தது. "ரெண்டும் ஒண்டோ?"

"அந்தப் பிள்ளைக்கு ஒண்டுதான்."

மட்டையைத் திருப்பிப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். நீங்களே போடுங்கோ சேர், உங்கட பள்ளிக்கூடம், ஆனால் நான் போடமாட்டேன் என்றேன். அவர் போடவில்லை. ஏன் போடவில்லை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கவில்லை.

இரண்டாம் தவணையில், பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வருகிற வித்தியாதரிசி வந்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு, வியர்த்து வழிந்துகொண்டு வந்தார். தலைமை ஆசிரியர் பின்னால் நின்றார். வித்தியாதரிசி என்னுடைய கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, வகுப்பை ஒரு முறை பார்த்தார். எத்தனை பிள்ளைகள் இருக்க, நேரே அவளைத்தான் எழுப்பினார். செம்பட்டைத் தலை தூரத்திலேயே தெரியும்தானே.

யன்னலைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் காட்டவில்லை. "எங்கட வீட்டில ஜனேலா," என்றாள். குரல் சின்னதுதான், ஆனால் நடுங்கவில்லை. "இங்க யன்னல். புத்தகத்தில சாளரம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்று வாசலால் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறாள் பிள்ளை. வித்தியாதரிசிக்கு முதல் வாசல் மட்டும்தான் கண்ணில் பட்டது.

"இது என்ன பாஷை?"

"அவவின்ர வீட்டுப் பாஷை, ஐயா," என்றேன்.

"தமிழ்ப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கத்தான் உம்மைப் போட்டிருக்கு."

"தமிழ்தான் படிப்பிக்கிறன். விளங்கிற வழியால படிப்பிக்கிறன்."

"வகுப்புக்குள்ள இந்தக் கலப்பெல்லாம் வைச்சிருக்க ஏலாது. நாளையிலிருந்து இதை நிப்பாட்ட வேணும்."

அப்போது என்னைத் தடுத்துப் பிடிக்க எவரும் இல்லை. நானும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை.

"ஐயா, நீங்கள் இருக்கிற கதிரை அந்தப் பிள்ளையின்ர ஆக்களின்ர சொல்லு. உங்களுக்கு முன்னால இருக்கிற மேசையும் அப்படித்தான். யன்னல், அலுமாரி, பிள்ளையள் இருக்கிற வாங்கு, உங்கட காலில கிடக்கிற சப்பாத்து, எல்லாம் அவையளிட்ட வாங்கினதுதான். முதல்ல அதுகளைத் தூக்கி வெளியில போடுவம். போட்டிட்டு வந்து சொல்லுங்கோ, நான் அவவின்ர வாயை மூடுறன்."

பக்கத்து வகுப்பில் வாய்பாடு நின்றுவிட்டது. அரைச்சுவர்தானே. வித்தியாதரிசி எழும்பினார். எழும்பும்போது கதிரையை ஒரு தரம் குனிந்து பார்த்தார், அதை நான் கண்டேன். கிண்ணியாக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மன்னிப்புக் கேட்டு எழுதித் தர வேண்டுமென்று கல்விக் கந்தோர் அதிகாரிகளிடமிருந்து கடிதம் வந்தது. தலைமை ஆசிரியர்தான் சொன்னார். கன நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னை இருக்கச் சொன்னார்.

"ஒரு வரி எழுதும். மிச்சத்தை நான் சமாளிக்கிறன்."

"என்ன எண்டு எழுதுறது, சேர்? பிள்ளை கதைக்கத் தொடங்கிட்டுது, அதுக்கு மன்னிக்க வேணும் எண்டோ?"

"உமக்கு இடம் மாத்திப் போடுவாங்கள்."

"மாத்தட்டும். போற இடத்திலயும் பிள்ளையள் இருக்கும்தானே."

அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். பிறகு மெல்ல, "நீர் பிடிவாதக்காரி," என்றார். ஏச்சா, வேறேதாவதா என்று சொல்ல ஏலாது.

வருச முடிவில் இன்னொரு சண்டை இருந்தது. பறங்கிப் பிள்ளையை மூன்றாம் முறையும் இரண்டாம் வகுப்பிலேயே விடத்தான் அவர் நினைத்திருந்தார். போன வருசத்து நினைப்பில் முடிவெடுக்க வேண்டாம், நீங்களே ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில் வந்தார். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். அவள் வாசித்தாள். தட்டுத் தடங்கலாகத்தான் வாசித்தாள். 'ழ' வராது, 'ள' என்றுதான் வரும். அது அந்த வகுப்பில் பாதிப் பேருக்கும் வராது.

"இதில என்ன விளங்குது?" என்றார்.

கதையில் ஒரு கொல்லன் வருவான். அவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தன் தகப்பனின் பட்டறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். இரும்பு எப்போது சிவக்கும், எப்போது மஞ்சளாகும், எந்த நிறத்தில் அடிக்க வேண்டும் என்றெல்லாம். சில சொல் தமிழ், சில சொல் தன் வீட்டுச் சொல். சொல் கிடைக்காத இடத்தில் கையால் அடித்துக் காட்டினாள். கிண்ணியாக்காரி பக்கத்தில் நின்று, "துருத்தி, சேர், துருத்தி," என்று எடுத்துக் கொடுத்தாள். தலைமை ஆசிரியர் ஒரு இடத்திலும் குறுக்கே விழவில்லை. அவள் முடிக்குமட்டும் நின்று கேட்டார். முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போனாள்.

எனக்கு மாற்றம் வந்தது. மூதூருக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம். தை மாதம், மழை விட்டும் விடாததுமாக இருந்த ஒரு காலையில், மோட்டர் வள்ளமான லோஞ்ச் ஏற இறங்குதுறைக்குப் போனேன். அந்தத் தாய் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றா. சுற்றிவர சனம். கந்தோர்க்காரரும் இரண்டொருவர் நின்றார்கள். அந்த மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக உரத்த குரலில் தன் பாஷையில் கதைத்தா. தமிழில் நாலு சொல் சொல்லி என்னை வழியனுப்ப அவவுக்குத் தெரியும். அன்றைக்கு வேண்டுமென்றேதான் அப்படிக் கதைத்தா. பிள்ளை நடுவில் நின்று எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா சொல்லுறா, உங்கள அனுப்பினவங்களுக்கு வெக்கமில்லையாம். போய்ச் சேர்ந்த உடன சாப்பிடட்டாம். அங்கயும் ஆருக்கும் பயப்பிட வேண்டாமாம்."

நான் அழவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாயே திறக்காத பிள்ளை எனக்கு மொழிபெயர்க்கிறாள். இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்?

அவள் பிறகு என்ன ஆனாள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டொக்டராக வந்தாளா, டீச்சராக வந்தாளா என்று. ஒன்றும் ஆகவில்லை. பத்தாம் வகுப்புவரை படித்தாள், ஒருமுறை தவறி மறுமுறை பாஸ் பண்ணினாள், கலியாணம் முடித்துப் பாலையூற்றில் இருக்கிறாள். நாலு பாஷையில் ஏசுவாள் என்று அவளுடைய புருசன் என்னிடம் சொன்னார். எனக்கு அது காணும். ஒரு பிள்ளை வாயைத் திறக்க விட்டது சரி என்று நிரூபிக்க, அந்தப் பிள்ளை பெரிய ஆளாகி வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

மூதூர்ப் பக்கம் நான் போன இடத்தில் வயல்காரரின் பிள்ளைகளும் கடற்காரரின் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். முதல் கிழமையிலேயே மேல் வரியும் கீழ் வரியும் தொடங்கிவிட்டேன். அங்கும் சிலர் முறைத்தார்கள். முறைக்கட்டும் என்று விட்டேன். தாய்மாரை வகுப்புக்குள் கூப்பிட்டு இருத்தி, அவரவர் வீட்டில் சொல்கிற கதையைச் சொல்லவைத்தேன். பாடம் நடக்கிற நேரத்தில் பொம்பிளைகள் கூட்டமென்று ஒருவர் முறைப்பாடு செய்தார். அடுத்த கிழமை அவருடைய பெண்சாதியையும் கூப்பிட்டேன். வந்தா. நல்லாய்க் கதை சொன்னா.

நான் ஓய்வுபெற முன்னம், எழுபதுகளின் கடைசியில், ஆசிரியர்களுக்குப் பட்டினத்தில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர் படம் எல்லாம் போட்டுக் காட்டினார். பிள்ளையின் வீட்டு மொழியிலிருந்து தொடங்க வேண்டும், அது இப்போது வந்திருக்கிற புதுமுறை என்றார். நான் எழும்பினேன்.

"அப்ப என்னை ஏன் லோஞ்சில ஏத்தினீங்கள்?"

அவருக்கு விளங்கவில்லை, பாவம். முன்வரிசையில் இருந்த கந்தோர்க்காரருக்கு விளங்கியிருக்க வேண்டும், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் முழுவதையும் சொன்னேன். கதிரையில் இருக்கச் சொன்னார்கள். சொல்லி முடித்துவிட்டுத்தான் இருந்தேன்.

தேத்தண்ணி நேரம் நிலாவெளிப் பக்கம் படிப்பிக்கிற ஒரு இளம் டீச்சர் வந்து பக்கத்தில் நின்றா. தன்னுடைய வகுப்பிலும் ஒரு பிள்ளை இருக்கிறதாம், தகப்பன் சிங்களம், தாய் தமிழ், வருசம் தொடங்கியதிலிருந்து ஒரு சொல் இல்லையாம்.

"என்ன கேட்டாலும் பேசாது, மிஸ். நான் என்ன செய்யிறது?"

"முதல்ல நீங்கள் பேசாமல் இருங்கோ," என்றேன். "அது கதைக்குமட்டும் இருங்கோ. கதைக்கிற நேரம் எந்தப் பாஷையில வந்தாலும் திருத்த வேண்டாம்."

"எங்கட பள்ளிக்கூட அதிபர் ஏசுவாரே."

"ஏசுவார்," என்றேன். "ஏசட்டும்."